ரொட்டி கேட்டவர்களுக்கு நான்கு நதிகள்

ரோமில் கங்கைக்குத் தாடி இருக்கிறது. முறுக்கேறிய தோள், தொங்கவிட்ட கால், கையில் ஆள் உயரத்தைத் தாண்டும் துடுப்பு, பக்கத்தில் நடப்பதில் பட்டுக்கொள்ளாமல் வேறெங்கோ பார்க்கும் முகம். பியாட்சா நவோனா சதுக்கத்தில் முதல் தடவை இந்த மனிதரைப் பார்த்தபோது, இவரா நம் கங்கை என்று சிரிப்புத்தான் வந்தது. நமக்குக் கங்கை என்றால் மகரத்தின் மேல் நிற்கும் பெண், சிவன் சடைக்குள் அடங்கி இருப்பவள். ரோமானியர்களுக்கு நதி என்றாலே தாடி வைத்த ஆண் தெய்வம். பழைய ரோமானியச் சிலைகளில் நைலும் டைபரும் ஒருக்களித்துப் படுத்து, கையில் பழக்கொம்பை வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வெடுக்கும் பெரியவர்களாக இருப்பார்கள். அந்த வழக்கத்தில் வந்தவர்தான் இந்தக் கங்கையும். ஆனால் இவர் படுத்திருக்கவில்லை. பாறையின் விளிம்பில், எந்த நேரமும் எழுந்துவிடுவார் என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறார். துடுப்பு எதற்கென்றால், கங்கை படகு போகும் ஆழமுள்ள நதி என்று சொல்வதற்கு.

நான்கு நதிகள் நீரூற்று என்று பெயர். ஜான் லொரென்சோ பெர்னினி வடிவமைத்து, 1648இல் தொடங்கி 1651இல் திறக்கப்பட்டது. ஆசியாவுக்குக் கங்கை, ஆப்பிரிக்காவுக்கு நைல், ஐரோப்பாவுக்கு டான்யூப், அமெரிக்காவுக்கு ரியோ தெ லா பிளாத்தா. அமேசானை விட்டுவிட்டு ஏன் பிளாத்தா? பிளாத்தா என்றால் ஸ்பானிய மொழியில் வெள்ளி, காலடியில் சிதறிக் கிடக்கும் நாணயங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்தக் காலத்து ஐரோப்பாவுக்கு அமெரிக்கா என்றால் முதலில் வெள்ளி, மற்றதெல்லாம் அப்புறம்.

ரோமில் எந்த நீரூற்று அழகு என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் ட்ரெவி என்பார்கள். நான் அந்த ஒன்பது பேரில் சேரமாட்டேன். ட்ரெவி ஒரு மாளிகையின் சுவரோடு ஒட்டிய நாடக மேடை. முன்னால் நின்று பார்க்கலாம், காசு போடலாம், படம் எடுக்கலாம், முடிந்தது. நவோனாவில் அப்படி நின்று பார்த்துவிட்டு நகர முடியாது. கோயில் பிராகாரத்தைச் சுற்றுகிற மாதிரி சுற்றி வரவேண்டும். ஒரு பக்கம் நிற்கும்போது தெரிகிற சிங்கம் இரண்டு எட்டு வைத்தால் மறைந்து வாலாகிவிடும், குகைக்குள்ளிருந்து குதிரையின் முன்பாதி வெளியே வரும். எந்த இடத்தில் நின்றாலும் நான்கு நதிகளும் ஒரே சமயத்தில் கண்ணுக்குச் சிக்குவதில்லை.

சதுக்கத்தின் உருவமே விசித்திரமானது. நீளமாக, ஒரு முனையில் வளைந்து, ஓட்டப்பந்தய மைதானம் போல. போல என்ன, மைதானமேதான். டொமிஷியன் என்ற ரோமப் பேரரசன் கி.பி. 86இல் கட்டிய விளையாட்டரங்கம் இது. பார்வையாளர்கள் உட்கார்ந்த படிக்கட்டுகளின் மேலேயே பின்னால் வந்தவர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள், நடுவிலிருந்த வெற்றிடம் சதுக்கமாகிவிட்டது. வடக்கு முனையில் கட்டடங்களுக்கு அடியில் பழைய வளைவுகளை இன்றும் பார்க்கலாம். 1477 வாக்கில் ஊரின் சந்தை இங்கே வந்தது. ஆக, பெர்னினி வருவதற்கு முன்பே இது காய்கறிக்காரர்களும் கழைக்கூத்தாடிகளும் நிறைந்த இடம்.

சந்தைக்கு நடுவில் இவ்வளவு பெரிய நீரூற்றுக்கு என்ன வேலை என்றால், போப்பின் வீடு அங்கேதான் இருந்தது. 1644இல் பத்தாம் இன்னசென்ட் என்ற பெயரில் போப்பானவர் ஜொவான்னி பம்ஃபிலி. பம்ஃபிலி குடும்பத்தின் வீடு நவோனாவின் மேற்குப் பக்கம். வீட்டுக்காரர் போப் ஆனதும் வீடு மாளிகையானது, பக்கத்திலிருந்த சிறிய தேவாலயம் பெரிய தேவாலயமாக மாறத் தொடங்கியது. வாசலில் ஒரு நீரூற்று இருந்தால்தானே களை கட்டும்? அந்த மாளிகை இப்போது பிரேசில் நாட்டுத் தூதரகம். தென் அமெரிக்காவின் சார்பில் வந்த நதி, பிரேசில்காரர்களின் ஜன்னலுக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இந்த வேலை பெர்னினிக்குக் கிடைக்கவேண்டிய வேலையே இல்லை. முந்தைய போப் எட்டாம் உர்பான் பார்பெரினி குடும்பத்தவர், பெர்னினியைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர். பார்பெரினிகள் செலவழித்த செலவில் கஜானா காலி என்று புதிய போப்புக்கு அவர்கள் மேல் தீராத கோபம். பார்பெரினிகளின் செல்லப்பிள்ளை மேலும் அந்தக் கோபம் விழுந்தது. போதாததற்கு, புனித பீட்டர் பேராலயத்தின் முகப்பில் பெர்னினி கட்டத் தொடங்கிய மணிக்கூண்டால் சுவரில் விரிசல் கண்டது. அடித்தளத்து மண் பொதபொதப்பு. யார் குற்றம் எவ்வளவு என்று விசாரித்து, 1646இல் கூண்டை இடிக்கவே உத்தரவாயிற்று. ஊரே பார்க்க ஒரு கட்டடக் கலைஞனின் கட்டடத்தை இறக்குவதைவிட அவமானம் என்ன இருக்கிறது? பெர்னினி அந்த நாட்களில் தனக்காகவே ஒரு சிலை செதுக்கத் தொடங்கினார்: காலம் வந்து உண்மையின் திரையை விலக்குவதாக. உண்மையைச் செதுக்கி முடித்தார். காலத்தைச் செதுக்கவே இல்லை. அந்தப் பாதிச் சிலை இன்று போர்கேசே காட்சியகத்தில் இருக்கிறது.

நவோனா வேலை பெர்னினியின் போட்டியாளரான கட்டடக் கலைஞர் பிரான்செஸ்கோ பொரோமினிக்கு என்று ஏறத்தாழ முடிவாகியிருந்தது. அங்கே தண்ணீர் கொண்டுவரும் திட்டம் அவர் கையில் இருந்தது. நான்கு நதிகள் என்ற யோசனையும் அவருடையதே. இதை ரோமின் வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்வதில்லை, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. யோசனை ஒருவருடையது, பெயர் இன்னொருவருக்கு.

பெர்னினி எப்படி உள்ளே வந்தார் என்பதற்கு அவருடைய மகனும் வாழ்க்கை வரலாறு எழுதியவர்களும் சொல்லும் கதை இது. போப்பின் அண்ணன் மகளைக் கட்டியிருந்த நிக்கோலோ லுதோவிசி என்ற இளவரசர் பெர்னினியிடம் ரகசியமாக ஒரு மாதிரி வடிவம் செய்யச் சொன்னார். போப் மாளிகைக்குச் சாப்பிட வந்த நாளில், அவர் கடந்துபோகும் அறையில் அதை வைத்துவிட்டார். போப் நின்றார். வெகுநேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பெர்னினியின் வேலை வேண்டாம் என்கிறவர்கள் அதைக் கண்ணால் பார்க்காமல் இருப்பதுதான் ஒரே வழி என்று சொல்லிவிட்டு அவரையே கூப்பிட்டு அனுப்பினாராம். இன்னொரு கதையும் அப்போதே உலவியது. போப்பின் அண்ணி டோனா ஒலிம்பியாவுக்கு அந்த மாதிரியை வெள்ளியில் செய்து கொடுத்துத்தான் பெர்னினி காரியம் சாதித்தார் என்று. டோனா ஒலிம்பியாவைத் தாண்டி அந்த வீட்டில் எதுவும் நடக்காது என்பது ரோம் முழுக்கத் தெரிந்த விஷயம். எனக்கு இரண்டாவது கதைதான் நம்பும்படி இருக்கிறது. இரண்டுமே நடந்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

லுதோவிசி என்ற பெயர் வந்ததால் ஒரு கிளைக்கதை. இவருடைய பெரியப்பாவோ சித்தப்பாவோ, அந்த உறவில் வருபவர் போப் பதினைந்தாம் கிரகோரி. இரண்டு வருடம்தான் போப்பாக இருந்தார். ஆனால் 1623இல் அவர் வெளியிட்ட ஓர் ஆணை மதுரைக்கு நேராக வந்தது. மதுரையில் காவி கட்டி, தமிழில் எழுதி, சைவச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, கிறிஸ்தவரான பிராமணர்கள் பூணூலும் குடுமியும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாம் என்று வாதாடிக்கொண்டிருந்தார். அதற்கு ஒப்புதல் கொடுத்த ஆணை அது. பெர்னினியின் சிற்பிகள் துடுப்புப் பிடித்த கங்கையைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது டி நொபிலி உயிரோடுதான் இருந்தார், 1656இல் மயிலாப்பூரில் இறந்தார். இந்தியா எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் அன்றைய ரோமின் தொடர்பு வட்டத்திலேயே இருந்தார்கள். சதுக்கத்துக்குத் தேவைப்பட்டது அந்த இந்தியா இல்லை. அவ்வளவுதான்.

சரி, நடுவில் நிற்கும் தூணுக்கு வருவோம். ஒபெலிஸ்க் என்பது நான்கு பக்கமும் பட்டை தீட்டி உச்சியில் கூராகும் ஒற்றைக்கல் தூண். எகிப்தியர்களின் கண்டுபிடிப்பு, ரோமானியர்களின் பைத்தியம். நவோனாவில் நிற்கும் தூணின் உயரம் 16 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கல் எகிப்தில் வெட்டியது. எழுத்து மட்டும் ரோமானியர்கள் செதுக்கச் சொன்னது. ரோம் நகருக்கு வெளியே ஆப்பியா சாலையில் பேரரசன் மக்செந்தியஸ் தன் தேரோட்ட மைதானத்துக்கு அதைக் கொண்டுபோய் நிறுத்தினான். பிறகு அது எப்போதோ விழுந்து துண்டு துண்டாகி, புல்லுக்குள் ஆயிரம் வருடம் கிடந்தது. 1630களில் ஆரண்டல் பிரபு என்ற ஆங்கிலேயர் அதை விலைக்கு வாங்கி லண்டனுக்குக் கொண்டுபோகப் பார்த்தார், நாட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். 1647இல் இன்னசென்ட் அங்கே நேரில் போய், கிடந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, இது என் வாசலுக்கு வேண்டும் என்றார்.

தூணில் இருந்த சித்திர எழுத்துகளைப் படித்துச் சொல்லும் வேலை அத்தனாசியுஸ் கிர்ஷர் என்ற ஜெர்மானிய இயேசு சபைத் துறவியிடம் போனது. அந்தக் காலத்தின் சகலகலா வல்லவர். எரிமலை, காந்தம், இசை, சீனா என்று எல்லாவற்றைப் பற்றியும் எழுதியவர். 1650இல் இந்தத் தூணைப் பற்றி மட்டும் ஒரு தடித்த புத்தகம் போட்டார். சூரியனின் ஆற்றல், உலகத்தை இயக்கும் ஆவி, தெய்வீக ஞானம் என்று ஒவ்வொரு சித்திரத்துக்கும் ஆழமான பொருள் சொன்னார். எல்லாம் கற்பனை. 1822இல் ஷாம்போலியோன் எகிப்திய எழுத்தின் பூட்டைத் திறந்த பிறகுதான் தூணில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. அதில் இருந்தது பேரரசன் டொமிஷியனின் பெயரும் அவன் புகழும். நவோனா மைதானத்தைக் கட்டிய அதே டொமிஷியன்! யாருக்கும் படிக்கத் தெரியாத ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, தெரியாமலேயே அதன் சொந்தக்காரனின் மைதானத்துக்கு நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

இனி ரொட்டி. 1640களின் கடைசி வருடங்கள் ரோமில் பஞ்ச காலம். அங்கே ரொட்டியின் விலை ஏறாது, எடைதான் குறையும். ஒரு காசுக்கு ஒரு ரொட்டி என்பது நிலையானது, தானிய விலை ஏற ஏற ரொட்டி சிறுத்துக்கொண்டே போகும். கையில் வாங்கும்போதே எவ்வளவு பஞ்சம் என்று தெரிந்துவிடும். அந்த நேரத்தில் நீரூற்றுச் செலவுக்கு வரி. சந்தை நடக்கிற அதே சதுக்கத்தில் ரொட்டி வாங்க வந்தவர்கள், வண்டி வண்டியாகக் கல் வந்து இறங்குவதைப் பார்த்தார்கள். இறங்கிய கல்லின் மேலேயே இரவோடிரவாக யாரோ தாள் ஒட்டினார்கள்: "எங்களுக்குத் தூணும் வேண்டாம், நீரூற்றும் வேண்டாம். ரொட்டி வேண்டும். ரொட்டி, ரொட்டி, ரொட்டி!"

தூண் 1649 ஆகஸ்டில் நின்றுவிட்டது. தாள் ஒட்டியவர்கள் கேட்டது கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் தூணின் பீடத்தில் போப் பொறித்துவைத்த லத்தீன் வாசகம் ஒன்று உண்டு. அதன் சாரம் இது: உலாவ வருபவர்களுக்கு நலம் தரும் இனிமையும், தாகத்தோடு வருபவர்களுக்குக் குடிக்க நீரும், சிந்திப்பவர்களுக்கு உணவும் தாராளமாக வழங்குவதற்காக இன்னசென்ட் இந்தக் கல்லை இங்கே நாட்டினார். சிந்திப்பவர்களுக்கு உணவு! பஞ்ச காலத்தில், ரொட்டிச் சந்தைக்கு நடுவில். எழுதியவர் யோசித்து எழுதினாரா, யோசிக்காமல் எழுதினாரா என்று நான் பல தடவை நினைத்ததுண்டு. இரண்டில் எது மோசம் என்று சொல்வது கஷ்டம்.

போப்பின் அந்த நேரத்து நிலைமையையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1648இல் வெஸ்ட்ஃபாலியா ஒப்பந்தம் ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரை முடித்தது. அதை ஏற்கமாட்டேன், செல்லாது என்று இன்னசென்ட் அறிவித்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஐரோப்பாவிலேயே சொல்பேச்சு எடுபடாமல்போன வருடத்தில், நான்கு கண்டங்களும் தன் காலடியில் இருப்பதாக ஒரு நீரூற்று. தூணின் உச்சியில் வழக்கமாக வைக்கும் சிலுவைகூட இல்லை, ஆலிவ் கிளை கவ்விய வெண்கலப் புறா. பரிசுத்த ஆவியின் குறி என்று சொல்லிக்கொள்ளலாம். பம்ஃபிலி குடும்பச் சின்னத்திலும் அதே புறா.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு போனால் அந்தச் சதுக்கத்தில் எரிச்சலோடுதான் நிற்கவேண்டும். ஆனால் நின்றவுடன் எரிச்சல் போய்விடுகிறது, அதுதான் பெர்னினியின் பிரச்சினை.

கீழேயிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள். தரையோடு ஒட்டிய பெரிய தொட்டி. அதன் நடுவில் டிராவர்டைன் கல்லில் செய்த பாறை. சிலைகள் பளிங்கு, பாறை மட்டும் டிராவர்டைன். பொத்தல் பொத்தலாக, இயற்கையிலேயே அரித்த மாதிரி இருக்கும் சுண்ணாம்புக்கல் அது. பாறை நான்கு மூலையில் காலூன்றி எழும்பி மேலே ஒன்று சேர்கிறது. நடுவில் குகை. நான்கு பக்கமும் திறந்த குகை, இந்தப் பக்கம் குனிந்தால் அந்தப் பக்கத்து மனிதர்களின் செருப்பு தெரியும். தூண் நிற்பது சரியாக அந்த வெற்றிடத்துக்கு நேர் மேலே! ஐந்தாம் சிக்ஸ்டஸ் என்ற போப் 1580களில் ரோமில் நான்கு ஒபெலிஸ்குகளை நிறுத்தினார். எல்லாம் கனமான, சதுரமான பீடங்களின் மேல். பாரம் கீழே இறங்குவது கண்ணுக்குத் தெரியும், மனதுக்கும் நிம்மதி. பெர்னினி அந்த நிம்மதியைப் பிடுங்கிக்கொண்டார். அவ்வளவு பெரிய கருங்கல் தூணைக் காற்றின் மேல் நிறுத்திவிட்டு, கீழே தண்ணீரை ஓடவிட்டார். உண்மையில் பாரம் மூலைக் கால்களின் வழியாக இறங்குகிறது. ஆனால் அந்தக் கால்கள் வெடித்த பாறையாக, செடி முளைத்ததாக, விலங்கு ஒளிந்ததாக இருப்பதால் அவை எதையும் தாங்குவதாகக் கண் ஒப்புக்கொள்வதில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். நவோனாவுக்கு வந்தது அக்வா வெர்ஜினே கால்வாயின் நீர். கி.மு. 19இல் அக்ரிப்பா கட்டியது, சுமார் 20 கிலோமீட்டர் நீளம், பெரும்பகுதி பூமிக்கடியில். ட்ரெவிக்கு வருவதும் இதே நீர். ஊற்றுக்கண்ணுக்கும் நகரத்துக்கும் உயர வித்தியாசம் நாலைந்து மீட்டர்தான், அதனால் அழுத்தம் கிடையாது. இந்த நீரை வைத்துக்கொண்டு வானத்துக்குப் பீய்ச்சி வித்தை காட்ட முடியாது. முன்பே ஸ்பெயின் சதுக்கத்தில் இதே சிக்கலைச் சந்தித்தபோது, பெர்னினியும் அவருடைய அப்பா பியேத்ரோவும் தரைமட்டத்துக்குக் கீழே பள்ளம் எடுத்து, மூழ்கும் படகு வடிவில் ஒரு நீரூற்று வைத்தார்கள். அக்வா ஃபெலிச்சே கால்வாயின் நீருக்கு அழுத்தம் அதிகம், அதனால் அதில் இயங்கும் பெர்னினியின் திரித்தோன் நீரூற்றில் சங்கிலிருந்து நீர் மேலே எழும்பும். நவோனாவில் நீர் எழும்பவில்லை. பாறையின் வெடிப்புகளிலிருந்து வழிகிறது, கசிகிறது, விசிறிபோல் சரிகிறது. உயரத்தை நீரிடம் கேட்காமல் கல்லிடம் கேட்டிருக்கிறார். அழுத்தம் இல்லாத நீருக்கு மேலே 16 மீட்டர் கல். நீரூற்றின் உச்சத்துளி எங்கே இருக்கவேண்டுமோ அங்கே தூணின் கூர்முனை.

நதிகளின் சிலைகளைப் பெர்னினி தானே செதுக்கவில்லை. அவருடைய வரைவின்படி கங்கையை கிளோத் பூசேன், நைலை ஜாக்கோமோ அந்தோனியோ ஃபான்செல்லி, டான்யூபை அந்தோனியோ ராஜ்ஜி, பிளாத்தாவைப் பிரான்செஸ்கோ பாரத்தா செதுக்கினார்கள். பாறையிலும் மரத்திலும் விலங்குகளிலும் பெர்னினி தன் கையை வைத்தார் என்று சொல்வதுண்டு. பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. எனக்கு இந்த நீரூற்றில் மிகப் பிடித்தது நதிகள் இல்லை, சிங்கம். ஈச்சமரத்துக்குக் கீழே, குகையிலிருந்து வந்து, முன்னங்காலை மடக்கித் தலையைத் தாழ்த்தித் தண்ணீர் குடிக்கப்போகிறது. பின்னாலிருந்து பார்த்தால் முதுகெலும்பு தோலுக்கடியில் அசைகிற மாதிரி இருக்கும். மேலே ஈச்சமரத்தின் ஓலைகள் ஒரே திசையில் சாய்ந்திருக்கின்றன, காற்றடிக்கிறது. எதிர்ப்பக்கம் பாய்ந்து வரும் குதிரையின் பிடரியிலும் காற்று. நதி, விலங்கு, மரம் எல்லாவற்றுக்கும் மேல் காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது, நடுவில் தூண் மட்டும் அசையாமல். அப்புறம் பிளாத்தாவின் பக்கத்தில் ஒரு பிராணி. ஆர்மடில்லோ என்கிறார்கள். ஓடு, பல், வால் எல்லாம் வைத்து, முதலைக்கும் ஆமைக்கும் பிறந்த ஏதோ ஒன்று போல் இருக்கிறது. செதுக்கியவர் அந்த விலங்கை உயிரோடு பார்த்திருக்க வாய்ப்பில்லை. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

நைல் தலையைத் துணியால் மூடிக்கொண்டிருக்கிறது. நதியின் ஊற்றுக்கண் அன்று ஐரோப்பியர்களுக்குத் தெரியாது, அதனால் முகம் மறைவு. பிளாத்தா பின்னால் சாய்ந்து கையைத் தூக்கி எதையோ தடுக்கிறது. இந்த இரண்டு சிலைகளையும் வைத்து ரோமில் ஒரு கதை சொல்வார்கள். எதிரே நிற்கும் புனித ஆக்னெஸ் தேவாலயம் பொரோமினி கட்டியது. எதிரியின் கட்டடத்தைப் பார்க்கச் சகிக்காமல் நைல் முகத்தை மூடிக்கொண்டதாம், இடிந்து தலையில் விழுமோ என்று பிளாத்தா கையைத் தூக்கியதாம். பெர்னினியின் குசும்பு. நான் அங்கே நின்றபோது ஒரு வழிகாட்டி குடை பிடித்த கூட்டத்துக்கு இதைத்தான் அபிநயத்தோடு சொல்லிக்கொண்டிருந்தார், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நீரூற்று முடிந்தது 1651. தேவாலயத்துக்கு அடிக்கல் போட்டது 1652, அதுவும் வேறு கட்டடக் கலைஞர்கள். பொரோமினி வந்து சேர்ந்தது 1653. இல்லாத சுவரைப் பார்த்து பிளாத்தா எப்படிப் பயப்படும்? ஆனால் இந்தக் கதையை யாராலும் கொல்ல முடியாது, சிலைகளின் அபிநயம் அவ்வளவு தத்ரூபம்.

இன்னொரு கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். தூண் எப்போது வேண்டுமானாலும் விழும் என்று ஊரில் பேச்சுக் கிளம்பியதாம். ஒரு நாள் பெர்னினி வண்டியில் வந்து இறங்கினார். முகத்தில் கவலை. அண்ணாந்து பார்த்தார், அளந்தார். பிறகு மெல்லிய நூல்கயிறுகளை வரவழைத்து, தூணிலிருந்து சுற்றியிருந்த வீடுகளின் சுவர்களுக்கு இழுத்துக் கட்டச் சொன்னார். கட்டியானதும், இப்போதுதான் நிம்மதி என்கிற முகத்தோடு வண்டியேறிப் போய்விட்டார்.

திறப்புக்குச் சில நாள் முன்பு போப் பார்வையிட வந்தார். சாரக்கட்டுக்குள் நுழைந்து வெகுநேரம் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீர் எப்போது வரும் என்று கேட்டார். இன்னும் நாளாகும் என்று பெர்னினி பணிவாகச் சொன்னார். போப் ஆசி கூறிவிட்டுக் கிளம்பி வாசலை நெருங்கும்போது பின்னால் சலசலவென்று ஒரே சத்தம். திரும்பினால் எல்லாப் பக்கமும் தண்ணீர். இந்த எதிர்பாராத சந்தோஷத்தால் என் ஆயுளில் பத்து வருடம் கூட்டிவிட்டாய் என்றாராம் போப். டோனா ஒலிம்பியாவிடம் சொல்லி அனுப்பித் தொழிலாளர்களுக்குப் பொற்காசு கொடுக்க வைத்தாராம். 1651 ஜூன் 12 அன்று ஊருக்குத் திறந்துவிட்டார்கள்.

பத்து வருடம் கூடவில்லை. 1655 ஜனவரியில் இன்னசென்ட் இறந்தார். அடக்கத்துக்குப் பணம் தர டோனா ஒலிம்பியா மறுத்துவிட்டார். நான் ஓர் ஏழை விதவை, என்னால் எங்கே முடியும் என்றாராம். உடல் எலி ஓடும் ஒரு சாமான் அறையில் சில நாள் கிடந்தது. வெலாஸ்கெஸ் 1650இல் இன்னசென்டை வரைந்த படம் தோரியா பம்ஃபிலி காட்சியகத்தில் இருக்கிறது. சிவப்பு மேலங்கி, சந்தேகக் கண்கள், இறுக்கிய உதடு. நீரூற்றுக்கு முன் அதைப் பார்த்துவிட்டால் மேலே சொன்ன எல்லாக் கதையும் இன்னும் நன்றாகப் புரியும்.

நீரூற்று வந்த பிறகு சதுக்கத்துக்கு வேறொரு வாழ்க்கை கிடைத்தது. 1652 முதல் ஆகஸ்ட் மாத வாரக்கடைசிகளில் வடிகால்களை அடைத்துத் தண்ணீரைத் தேங்கவிடுவார்கள். நடுவில் தாழ்ந்த மைதானத் தரை ஏரியாகிவிடும். பிரபுக்களின் குதிரை வண்டிகள் அதற்குள் சுற்றிச் சுற்றி வரும், பையன்கள் பின்னால் நீந்துவார்கள், ஜன்னல்களில் இசை. ஏழையோ பணக்காரனோ வெயில் ஒன்றுதானே. இருநூறு வருடத்துக்கு மேல் இது நடந்து 1860களில் நின்றது. 1869இல் சந்தையும் காம்போ தெ ஃபியோரிக்கு இடம் மாறியது, இன்றும் அங்கேதான் இருக்கிறது.

பெர்னினிக்கு மட்டும் இந்த நீரூற்று பிடிக்காமல் போய்விட்டதாம். வயதான காலத்தில் வண்டியில் நவோனாவைக் கடக்கும்போது ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, இவ்வளவு மோசமாகச் செய்திருக்கிறேனே, வெட்கமாக இருக்கிறது என்பாராம். கலைஞர்கள் இப்படிச் சொல்வதை நான் முழுதாக நம்புவதில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று. பகலில் நாற்காலி போட்டிருக்கும் கடைகளில் உட்கார்ந்தால் காப்பி விலை கண்ணைக் கட்டும், கல் இருக்கையில் உட்காருங்கள். விடிந்ததும் போனால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும், பத்து மணிக்கு மேல் கேட்காது. பார்த்து முடித்ததும் சதுக்கத்தின் தெற்குப் பக்கம் வெளியே வந்து, பிராஸ்கி மாளிகையின் மூலைக்குத் திரும்புங்கள். மூக்கும் கையும் போன ஒரு பழைய சிலை சுவரோரம் நிற்கும். பெயர் பாஸ்குவினோ. 1500களின் தொடக்கத்திலிருந்து ரோம்காரர்கள் போப்புகளையும் பிரபுக்களையும் திட்டும் கவிதைகளை எழுதி ஒட்டுவது இதன் மேல்தான். இன்னசென்டும் டோனா ஒலிம்பியாவும் இங்கே வாங்காத வசவு இல்லை. இப்போது சிலையைச் சுத்தம் செய்து, தாள் ஒட்டப் பக்கத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். நான் பார்த்தபோது பலகையில் இடமே இல்லை, ஒரு தாளின் மேல் இன்னொரு தாளை ஒட்டியிருந்தார்கள். எனக்கு இத்தாலிய மொழி அரைகுறைதான், படிக்க முடிந்தவரை எல்லாம் மந்திரிகளைப் பற்றி.